நம் தாமான் கழிவுநீர் யார் வீட்டுக் குழாய்க்குப் போகிறது?

(உலு சிலாங்கூர் வட்டாரத்தில் குடியிருப்பாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை மாலை. வாரம் முழுக்க வேலை செய்து களைத்துப் போயிருப்பீர்கள். அப்படியிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வந்திருக்கிறீர்கள். நான் பேச வந்திருக்கும் விஷயம் என்ன தெரியுமா? கக்கூஸ் தண்ணீர்! சிரியுங்கள், பரவாயில்லை. உரிமைக் கூட்டம் என்று கூப்பிட்டுவிட்டு மலக்குழியைப் பற்றிப் பேசுகிறாரே என்று நினைப்பீர்கள். நிலத்துக்கு மகஜர் கொடுத்திருக்கிறோம். தமிழ்ப்பள்ளிக்கு, கோயிலுக்கு, சுடுகாட்டுக்கு, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். கழிவுநீருக்காக எழுதப்பட்ட ஒரு மகஜரை இதுவரை நான் பார்த்ததில்லை. இன்று அதை எழுத வேண்டும் என்பதுதான் என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

தோட்டத்தில் இருந்தபோது லயத்துக்குப் பின்னால் வரிசையாகக் கக்கூஸ் இருக்கும். அது நிரம்பினாலும் உடைந்தாலும் யாரிடம் போய்ச் சொல்வது என்று நமக்குத் தெரியும். கிராணியிடம் சொல்வோம், மானேஜரிடம் சொல்வோம். அவன் செய்தானா இல்லையா என்பது வேறு கதை. ஆனால் பொறுப்பாளி யார் என்பதில் சந்தேகம் இருந்ததில்லை. தோட்டம் விற்கப்பட்டது. நம்மை மலிவு விலை வீட்டிலும் அடுக்குமாடியிலும் கொண்டுவந்து வைத்தார்கள். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, இழுத்துவிட்டால் தண்ணீர். நல்லதுதான், யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் இழுத்துவிட்ட தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் தாமானில் பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. தாமானின் கடைசி மூலையில், லாலாங் புல் மண்டிக்கிடக்கும் இடத்தில், துருப்பிடித்த வேலிக்குள் ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கும். பிள்ளைகளை அந்தப் பக்கம் போகாதே என்று விரட்டுவோம். நம் எல்லார் வீட்டுத் தண்ணீரும் அங்கேதான் போகிறது. அதிலிருந்து வெளியேறுவது பக்கத்து லோங்காங்கில் விழுந்து, ஓடைக்குப் போய், கடைசியில் ஆற்றில் சேர்கிறது.

நமக்கு ஆறு என்றால் சுங்கை சிலாங்கூர். பிரேசர் மலைப் பக்கம் பிறந்து, கோலகுபு பாரு, ராசா, பத்தாங் காலி வட்டாரங்களின் ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு, பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோல சிலாங்கூரில் கடலில் கலக்கிறது. பெஸ்தாரி ஜெயா என்றால் நம் பெரியவர்களுக்குப் புரியாது. 2007இல் பெயர் மாற்றினார்கள், நமக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இந்த ஆற்றங்கரை ஓரமாகத்தான் கரகம் பாலிக்கிறோம். செத்தவர்களுக்குக் காரியம் செய்வதும் ஆற்றங்கரையில்தான். அதே ஆற்றிலிருந்துதான் கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதியை இறைக்கிறார்கள். பெர்ஜுந்தையிலும் ராசாவுக்கு அருகேயும் இருக்கும் சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றால் கோலாலம்பூரே தவித்துப்போகும்.

2020 செப்டம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். ரவாங் பக்கம் சுங்கை கோங் என்ற சின்ன ஓடையில் தொழிற்கழிவு கலந்தது. அந்த ஓடை சுங்கை செம்பாவில் விழுகிறது, செம்பா சிலாங்கூர் ஆற்றில் விழுகிறது. நாற்றம் வந்ததும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தண்ணீர்க் கணக்குகளுக்கு விநியோகம் நின்றது. கோவிட் காலம் வேறு. கையைக் கழுவு, கையைக் கழுவு என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அடுக்குமாடியில் ஐந்தாவது மாடிக்கு வாளி தூக்கிய அம்மாக்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அது கக்கூஸ் தண்ணீர் அல்ல, தொழிற்கழிவு என்பது எனக்குத் தெரியும். ஆனால் பாதை ஒன்றுதான். சின்ன ஓடையில் விட்டது பெரிய ஆற்றுக்கு வந்தே தீரும். தொழிற்கழிவு ஒரே நாளில் நாற்றமடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். கழிவுநீர் அப்படியல்ல, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, சத்தமில்லாமல் போய்ச் சேரும்.

எவ்வளவு போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடக் கணக்குதான், பயப்பட வேண்டாம். நம் நாட்டில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 225 லிட்டர் கழிவுநீர், ஒரு வீட்டுக்கு 5 பேர் என்று வைத்துத்தான் சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைக்கிறார்கள். 200 வீட்டுத் தாமான் என்றால் 1,000 பேர். ஒரு நாளைக்கு 2,25,000 லிட்டர்.

அந்தத் தண்ணீரில் உள்ள அழுக்கை எப்படி அளப்பது? கழிவைத் தின்று செரிக்கும் கிருமிகள் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அழுக்கு அதிகமானால் ஆக்சிஜனும் அதிகமாகச் செலவாகும். மீனுக்கு மூச்சுவிட ஒன்றும் மிஞ்சாது. எவ்வளவு ஆக்சிஜனைக் கழிவு விழுங்கும் என்பதற்கான அளவைத்தான் பிஓடி என்கிறார்கள். வீட்டுக் கழிவுநீரில் இது லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று கணக்கு வைப்பார்கள். நம் 200 வீட்டுத் தாமானுக்கு அது நாளொன்றுக்கு 56 கிலோ.

இப்போது சட்டத்துக்கு வருவோம். நான் சொல்ல வந்ததில் முக்கியமான இடம் இதுதான், அம்மாக்கள் கொஞ்சம் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2009இல் கழிவுநீருக்கென்று தனி விதிமுறை வந்தது. புதிய நிலையங்களுக்கு இரண்டு தரம் வைத்தார்கள். குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறத்தில் கழிவை விட்டால் ஏ தரம், பிஓடி 20க்கு மேல் போகக்கூடாது. மற்ற இடங்களுக்கு பி தரம், 50. நல்ல சட்டம் என்று கைதட்டலாம். ஆனால் அதே விதிமுறையின் பின்பக்க அட்டவணையைப் பாருங்கள். 1999 ஜனவரிக்கு முன் அனுமதி பெற்ற பழைய நிலையங்களுக்கு வேறு கணக்கு. யந்திரத்தில் காற்றடிக்கும் நிலையத்துக்கு 60. குளத்துக்கு 120. இம்ஹோப் தொட்டிக்கு 175. பொது செப்டிக் தொட்டிக்கு 200! உள்ளே வருவது 250, வெளியே போகலாம் என்பது 200. இதற்குப் பெயர் சுத்திகரிப்பா?

நம் 200 வீட்டுக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஏ தரம் என்றால் ஆற்றுக்குப் போவது நாளொன்றுக்கு நாலரைக் கிலோ. இம்ஹோப் தொட்டி என்றால் 39 கிலோ. ஏறக்குறைய ஒன்பது மடங்கு. எல்லாம் சட்டப்படி! யாருக்கும் அபராதம் கிடையாது. 150 பேருக்குக் குறைவான, அதாவது 30 வீட்டுக்கும் குறைவான குடியிருப்பு என்றால் இந்த விதிமுறையே பொருந்தாது.

1999க்கு முன் கட்டிய தாமானில் இருப்பவர்கள் யார்? தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டு மலிவு விலை வீட்டுக்கு வந்தவர்கள், கம்போங்காரர்கள், புதுக்கிராமத்துச் சீனர்கள். வாசலில் காவலாளி நிற்கும் புதிய வீடமைப்புத் திட்டத்துக்கு 20, நமக்கு 175 என்றால் அது நாற்றப் பிரச்சினை மட்டுமல்ல. எந்த மக்களுக்கு எந்தத் தரம் போதும் என்று நினைத்திருக்கிறார்கள் என்ற பிரச்சினை. பழைய தொட்டியை ஒரே நாளில் இடிக்க முடியாது, அதனால் சலுகை கொடுத்தார்கள் என்பார்கள். சரி, நியாயம்தான். அந்தச் சலுகை எத்தனை வருஷத்துக்கு? 2009இல் பிறந்த பிள்ளை இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறது.

இந்தத் தொட்டிகள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொண்டால்தான் அதிகாரியிடம் பேச முடியும். "டெக்னிக்கல் விஷயம், உங்களுக்குப் புரியாது" என்று அவர்கள் வாயை மூடப் பார்ப்பார்கள். புரியாத விஷயம் ஒன்றுமில்லை.

செப்டிக் தொட்டியில் கனமானது அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் உள்ள தண்ணீர் வெளியேறும். அவ்வளவுதான் வேலை. அடியில் படிந்த சகதியைக் குறித்த காலத்தில் லாரி வைத்து உறிஞ்சி எடுக்காவிட்டால் தொட்டி நிரம்பிவிடும். பிறகு வந்தது வந்தபடியே வெளியே போகும். இம்ஹோப் தொட்டி இதற்கு அண்ணன். ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் இம்ஹோப் என்பவர் நூறு வருஷத்துக்கு முன்பு வடிவமைத்தது. மேல்தட்டில் கழிவு படிந்து, கீழ்தட்டுக்கு இறங்கி அங்கே செரிக்கும். கரண்டு வேண்டாம், மோட்டார் வேண்டாம். அதனால்தான் மலிவு வீட்டுத் திட்டங்களுக்கு மேம்பாட்டாளர்களுக்கு அது பிடித்துப்போனது. ஆனால் தண்ணீரில் கரைந்துபோன அழுக்கை அதனால் எடுக்க முடியாது. சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா அப்படியே வெளியே போகும்.

குளத்தில் வெயிலும் பாசியும் வேலை செய்கின்றன. பாசி கொடுக்கும் ஆக்சிஜனைக் கொண்டு கிருமிகள் கழிவைத் தின்கின்றன. நல்ல முறைதான், ஆனால் அடிச்சகதியை வாரவில்லை என்றால் குளம் மேடாகிவிடும். யந்திர நிலையத்தில் காற்றை அடித்து அதே கிருமிகளைக் கூட்டமாக வளர்க்கிறார்கள். பிறகு தண்ணீரைத் தேக்கி, கிருமிகளை அடியில் படியவிட்டு, அதில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே அனுப்புகிறார்கள். கிருமிகளும் உயிர்தானே! காற்றடிக்கும் யந்திரம் நீண்ட நேரம் நின்றுபோனால் அவை சாகத் தொடங்கும். மின்சாரக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று இரவில் யந்திரத்தை நிறுத்துகிறவன் ஆற்றில்தான் கைவைக்கிறான். உங்கள் தாமானில் அப்படிப்பட்ட நிலையம் இருந்தால் ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பக்கம் நடந்துபோய்க் காதுகொடுத்துக் கேளுங்கள். யந்திரச் சத்தம் வருகிறதா? சில நிலையங்கள் விட்டு விட்டு ஓடும்படி அமைக்கப்பட்டவை, அதனால் ஒரு நாள் கேட்டுவிட்டு முடிவுக்கு வரவேண்டாம். பல நாள் கேட்டு, நேரத்தைக் குறித்து வையுங்கள்.

அம்மோனியா என்றேனே, அது ஏன் முக்கியம்? குடிநீர் நிலையத்தில் கிருமியைக் கொல்ல குளோரின் போடுகிறார்கள். ஆற்றுத் தண்ணீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளும், கிருமியைக் கொல்ல மிஞ்சாது. சுகாதார அமைச்சின் அளவுப்படி, இறைக்கும் தண்ணீரில் அம்மோனியா லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நிலையத்தை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. மேலே இருக்கும் பட்டணம் கழிவை ஒழுங்காகச் சுத்தம் செய்யாவிட்டால் கீழே இருக்கும் பட்டணத்தின் குழாய் நிற்கும். கோலாலம்பூர் பந்தாய் பகுதியில் 14 லட்சம் பேருக்கான நிலையத்தைப் பூமிக்கு அடியில் கட்டி, 2017இல் திறந்து, அதன்மேல் பூங்காவும் போட்டிருக்கிறார்கள். கட்டட்டும், சந்தோஷம். ஆனால் கோலாலம்பூர் குடிக்கும் தண்ணீர் நம் ஊரைக் கடந்துதான் போகிறது. நம் தொட்டிக்குக் காசில்லை என்று சொல்பவர்களிடம் இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

அரசாங்கம் நினைத்தால் முடியாதா? முடியும், முடித்துக் காட்டியிருக்கிறார்கள். செம்பனை ஆலைக் கழிவை நம் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள், கறுப்பாக, கொதிக்கக் கொதிக்க ஓடையில் விடுவார்கள். அதன் பிஓடி 25,000 அளவில் இருக்கும், வீட்டுக் கழிவைவிட நூறு மடங்கு. 1977இல் விதிமுறை வந்தது. 1978இல் 5,000 வரை விடலாம் என்று தொடங்கி, வருஷத்துக்கு வருஷம் குறைத்து, 1984இல் 100க்குக் கொண்டுவந்தார்கள். தோட்ட முதலாளிகள் தொழில் படுத்துவிடும் என்றார்கள். படுத்தா போனது? நாடு முழுக்கச் செம்பனைதான். ஆறே வருஷத்தில் ஆலைகளை வழிக்குக் கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு, மலிவு வீட்டுத் தொட்டியை மாற்ற மட்டும் ஏன் இத்தனை காலம்?

சரி, யாரிடம் கேட்பது? இங்கேதான் நம்மைப் பந்தாடுகிறார்கள். 1993 வரை கழிவுநீர் ஊராட்சி மன்றங்களின் வேலை. பிறகு தனியார்மயம் என்று சொல்லி இண்டா வாட்டரிடம் கொடுத்தார்கள். 2000இல் அதை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. இன்று ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நிலையங்களை அது நடத்துகிறது. 2008இல் இருந்து கண்காணிப்பது ஸ்பான் எனும் தேசிய நீர்ச் சேவை ஆணையம். ஆற்றில் விழும் தண்ணீரின் தரத்தைப் பார்ப்பது சுற்றுச்சூழல் இலாகா. லோங்காங் நகராண்மைக் கழகத்துடையது. சிலாங்கூரில் ஆற்றைப் பார்த்துக்கொள்ள 1999இல் இருந்து லுவாஸ் என்ற மாநில வாரியமும் இருக்கிறது. இத்தனை பேர் இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பல பேர் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பால் கிடைக்காது!

ஆகவே முதல் கேள்வி, அந்தத் தொட்டி யாருடையது என்பதுதான். பொது நிலையமா, தனியார் நிலையமா? பொது நிலையம் என்றால் வேலியில் இண்டா வாட்டர் பலகையும் நிலைய எண்ணும் இருக்கும். பலகை இல்லையென்றால் மேம்பாட்டாளர் இன்னும் ஒப்படைக்காத நிலையமாக இருக்கலாம். கம்பெனியை மூடிவிட்டு ஆள் போயிருந்தால் தொட்டி அனாதை. அடுக்குமாடி என்றால் உங்கள் நிர்வாகக் குழுவின் பொறுப்பிலேயே அது இருக்கக்கூடும். அப்படியானால் பராமரிப்புக் கட்டணத்தில் அதற்கென்று எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும். தனி வீட்டில் தனி செப்டிக் தொட்டி என்றால் அது உங்கள் சொத்து, காலி செய்ய வைப்பதும் உங்கள் கடமை.

கட்டணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண வீட்டுக்கு மாதம் 8 வெள்ளி என்று பல வருஷம் இருந்தது, 2022 ஆகஸ்டில் 10 ஆனது. மலிவு வீட்டுக்கு 2 வெள்ளி. "நாற்றத்துக்கு எதற்குக் காசு?" என்று சிலர் பில்லைக் கிழித்துப் போடுகிறார்கள். நான் சொல்வேன், கட்டுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கட்டியவன் குரலைத் தட்டிக்கழிக்க முடியாது. 2 வெள்ளி கட்டுகிறவனுக்கு 175 போதும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. செப்டிக் தொட்டி உள்ள பழைய வீடுகளில் கழிப்பறைத் தண்ணீர் மட்டும்தான் தொட்டிக்குப் போகிறது. சமையல்கட்டுத் தண்ணீரும் குளிக்கிற தண்ணீரும் நேராக லோங்காங்குக்குப் போய்விடுகின்றன. தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயைத் தொட்டியடியில் ஊற்றினால் அது கட்டியாகி லோங்காங்கை அடைக்கும், மிச்சம் ஆற்றில் மிதக்கும். ஆறவைத்துப் போத்தலில் ஊற்றி வையுங்கள், பழைய எண்ணெயைக் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்கள். சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அண்ணன்மார்களே, உங்கள் கடையின் எண்ணெய்ப் பொறியை வாரம் தவறாமல் சுத்தம் செய்யுங்கள்.

இன்னொன்று, இதை ஆண்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். சகதி எடுக்கும் குத்தகை வேலைக்கு நம் பையன்கள் போகிறார்கள். மூடிய தொட்டியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு தேங்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமானால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைத்து இறங்குகிறவன் திரும்ப வரமாட்டான், அவனைத் தூக்கப்போகிறவனும் வரமாட்டான். வாயுவை அளக்காமல், மேலே ஆள் நிற்காமல், காப்புக் கயிறு இல்லாமல் இறங்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 2024 ஜூன் 1 முதல் அமலில் உள்ள வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம், உடனடி ஆபத்து உள்ள இடத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்திருக்கிறது. அன்றாடச் சம்பளம் போனாலும் போகட்டும். நம் ஆட்களுக்குத் துப்புரவு வேலை பரம்பரைச் சொத்து என்று நினைக்கிற குத்தகைக்காரனுக்கு அந்தச் சட்டத்தைப் படித்துக் காட்டுங்கள்.

இனி மகஜர். மலாய் மொழியில் தயாரித்து வைத்திருக்கிறோம், ஒரே பக்கம்தான். தாமான் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, தொட்டியின் இடம் இவற்றை நீங்கள் நிரப்ப வேண்டும். கீழே கேள்விகள் இருக்கின்றன. இந்த நிலையத்தின் உரிமையாளர் யார்? எந்த ஆண்டில் அனுமதி பெற்றது, என்ன வகை? கடைசியாக எப்போது சகதி எடுக்கப்பட்டது? வெளியேறும் தண்ணீரின் கடந்த ஓராண்டுப் பரிசோதனை முடிவுகள் என்ன? பழைய நிலையம் என்றால் அதைத் தரம் உயர்த்துவது எப்போது, அல்லது மூடிவிட்டுப் பெரிய நிலையத்தோடு இணைப்பது எப்போது? ஸ்பான், சுற்றுச்சூழல் இலாகா, நகராண்மைக் கழகம், சட்டமன்ற உறுப்பினர் ஆகிய நான்கு இடங்களுக்கும் நகல் போகும். ஒவ்வோர் இடத்திலும் முத்திரை குத்திய நகலை வாங்காமல் திரும்ப வேண்டாம்.

நிறம் மாறினால், நுரை பொங்கினால், மீன் செத்து மிதந்தால் மகஜருக்காகக் காத்திருக்க வேண்டாம். நேரத்தோடு படம் எடுத்து, சுற்றுச்சூழல் இலாகாவின் 1-800-88-2727 என்ற இலவச எண்ணுக்கு உடனே அழையுங்கள், புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்துக் கம்போங்காரர்களிடமும் சீனக் கடைக்காரர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். அவர்கள் தொட்டியும் நம் தொட்டி மாதிரிதான். ஆறு யாரிடமும் அடையாள அட்டை கேட்பதில்லை.

பாரங்கள் பின்பக்க மேசையில் இருக்கின்றன. மலாய் எழுதத் தயங்குபவர்களுக்கு இரண்டு தங்கைகள் உட்கார்ந்து எழுதித் தருவார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அந்த வேலிப் பக்கம் போய்ப் பலகை இருக்கிறதா என்று பார்த்து, எண்ணைக் குறித்து வாருங்கள். அடுத்த ஞாயிறு அதே மண்டபம், மாலை ஐந்து மணி.